இரண்டு முனையிலும் கேட்பவர்

அந்தம்மா என்னை நேரில் பார்ப்பதற்கு முன்னாலேயே சந்தேகப்பட்டுவிட்டார். கொடைக்கானல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் கால்களை இணைக்கிற டிரங்க் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். லைனில் ஒரு பெண் குரல், "டைம் என்ன, சொல்லுங்க" என்றது. சொன்னேன். ஒரு தேங்க்ஸ்கூட இல்லாமல் வைத்தாயிற்று. சற்று நேரத்தில் வத்தலக்குண்டு ஆபரேட்டர் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏன்க்கா, புதுசா ஒரு ஜே.இ. அம்மா, ஜூனியர் இன்ஜினியராம், வந்திருக்காங்களாமே. எங்கிட்டயும் மணி கேட்டாங்க. உங்களுக்கும் எங்களுக்கும் ஒத்து வரலையாம். யார் கடிகாரம் பொய் சொல்லுதுன்னு கேக்குறாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுப்பவள் நான். மறுநாள் வந்து இறங்கியவர், யாருக்கும் வணக்கம் வைப்பதற்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எங்கள் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினார். அப்புறம் வத்தலக்குண்டுக்குப் போன் போட்டு, "உங்களுதும் தப்புதான்" என்றார். அதனால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் மலைக்கு ஃபைபர் கேபிள் ஏறிக்கொண்டிருந்தது. தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சத்தை அனுப்பினால் பேச்சு போய்ச் சேரும் என்று எக்ஸ்சேஞ்ச் ஆபீசர் சொன்னபோது எங்கள் லைன்மேன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இழையின் தூரத்தை அளந்து சரிபார்க்கத்தான் அந்தம்மாவை அனுப்பியிருந்தார்கள். எங்கள் எக்ஸ்சேஞ்ச் ஒரு முனை. மலைப்பாதையின் பாதி இறக்கத்தில் வெளிச்சத்துக்குத் தெம்பு கூட்டி அனுப்பப் புதிதாகக் கட்டிய சின்ன ரிப்பீட்டர் கட்டடம் இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவில் பெருமாள்மலை. என் வீடு அங்கேதான். தினமும் பஸ்ஸில் மேலே டூட்டிக்குப் போய் வருவேன்.

ஆள் ஒல்லி. முப்பது வயது இருக்கலாம். புடவைக்கு மேலே ஆம்பளை ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் மஃப்ளர். மழை இல்லாவிட்டாலும் கையில் குடை. என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அக்காவை நம்பமாட்டார்.

அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. சின்ன டி.வி. மாதிரி, பச்சைத் திரை. கேபிளின் முனையை அதில் மாட்டினால் பெட்டி வெளிச்சத்தை உள்ளே விடும். இழை எங்கே முடிகிறதோ அல்லது எங்கே ஒடிந்து கிடக்கிறதோ, அங்கே முட்டி வெளிச்சம் திரும்பி வரும். போய்வர ஆன நேரத்தை வைத்து, இத்தனை தூரத்தில் ஒடிந்திருக்கிறது என்று பெட்டி சொல்லிவிடும். நாங்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். அந்தம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை.

"ஒரு முனையில கேட்டா ஆச்சா? அந்த முனையிலயும் கேக்கணும். ரெண்டையும் கூட்டினா முழுத் தூரம் வரணும். வந்தாத்தான் ஒத்துக்குவேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் போய், அங்கிருந்து மறுபடியும் அளப்பார். ஜீப் டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார்.

பெட்டியோடு நிறுத்தியிருந்தால் எனக்கென்ன வந்தது? மனுஷர்களிடமும் அதையே செய்தார். பெருமாள்மலை ஜங்ஷனில் நின்றுகொண்டு, மேலேயிருந்து வரும் பஸ் டிரைவரிடம் "பனி எப்படி இருக்கு?" என்பார். கீழேயிருந்து வருகிறவரிடமும் அதையே கேட்பார். டீக்கடைக்காரர் பால் புதுசு என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, பால்காரர் வரும்வரை டீ சொல்லாமல் காத்திருப்பார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பூண்டு விற்கிற ஒரு புருஷன் பொண்டாட்டி உண்டு. இது பூம்பாறைப் பூண்டுதானா என்று பொண்டாட்டியிடம் கேட்டு, ஆமாம் என்று தெரிந்துகொண்டு, புருஷன் காப்பி குடித்துவிட்டு வந்ததும் அவரிடம், "இது எந்த ஊருப் பூண்டுங்க?" என்று புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார். அந்தப் பெண்பிள்ளை விட்டாளா?

"ஏம்மா, நான் சொன்னதை நம்பாமயா இந்த ஆளுகிட்ட கேக்குறீக? இந்த ஆளு வாயில நெசம் வந்து நான் பார்த்ததே இல்லையே!"

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. அந்தம்மா சிரிக்கவில்லை. புருஷனும் பூம்பாறை என்று சொன்ன பிறகு பூண்டை நிறுத்து வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவருக்கு எக்ஸ்சேஞ்சில் சிஐடி அம்மா என்று பேர்.

இப்படி ஒருத்தி ஏன் ஆனாள் என்று எங்களுக்குள் பேசாத நாளில்லை. கட்டினவன் ஏமாற்றிவிட்டான் என்று திண்டுக்கல் ஆபரேட்டர் சொன்னாள். கல்யாணமே ஆகவில்லை, கூடப்பிறந்தவன்தான் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டான் என்று மதுரை ஆபரேட்டர் சொன்னாள். ஒருநாள் நானே வாய்விட்டுக் கேட்டேன். "ஏன் மேடம், யாரையுமே நம்ப மாட்டீங்களா?" "நம்பிட்டா அப்புறம் கேக்கத் தோணாதுக்கா" என்றார். அவ்வளவுதான் பதில்.

மலைப்பாதை முழுக்க அவர் ஒற்றைச் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஒரு கம்பு, கீழே சக்கரம், எவ்வளவு தூரம் உருண்டது என்று காட்டுகிற எண். மைல்கல்லில் எழுதியிருப்பதை எப்படி நம்புவது என்று கேட்டார். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், "மேடம், மிச்ச சைக்கிளை எங்க தொலைச்சீங்க?" என்று கத்தினார். அந்தம்மா நின்று, "நீங்க பார்த்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். வேடிக்கையா நிஜமா என்று அந்த மனுஷனுக்கு இன்றுவரை தெரியாது.

அந்தச் சக்கரத்தின் அருமை ஒரு தரம் தெரிந்தது. சோதனை பார்க்கும்போது இழையில் ஓர் ஒடிவு இருந்தது. பெட்டி ஒரு தூரத்தைக் காட்டியது. எங்கள் லைன்மேன்கள் மைல்கல்லைப் பார்த்து, அந்தத் தூரத்தில் போய்த் தோண்டினார்கள். கேபிள் கல்லு மாதிரி முழுசாகக் கிடந்தது. இன்னும் கீழே போய்த் தோண்டினார்கள். அங்கேயும் முழுசு. பெட்டி கெட்டுப்போச்சு என்று மண்வெட்டியை வீசிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தம்மா வந்து பார்த்துவிட்டு அன்றைக்குத்தான் சிரித்தார்.

"பெட்டி கெடலை. நாம ரோட்டைக் கேட்டோம், அது இழையைச் சொல்லுது. கேபிளை ஒட்டுப்போடுற ஒவ்வொரு ஜாயிண்ட் குழியிலயும் கொஞ்சம் சுருட்டி வச்சிருக்கோம்ல? கேபிளுக்குள்ள இழை வேற முறுக்கிக்கிட்டுப் போகுது. ரோட்டுல நாம நடக்கிறதைவிட வெளிச்சம் கூடுதலா நடக்குது. அதைக் கழிக்கணும்."

கழித்துப் பார்த்து, சக்கரத்தை மேல்நோக்கி உருட்டிக்கொண்டு வந்து, ஓர் இடத்தில் குடையை ஊன்றினார். தோண்டினால் அங்கேதான் ஒடிவு. ஆனால் எங்களுக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சரியாகச் சொல்கிறவளைச் சகித்துக்கொள்வது கஷ்டம்.

எனக்கு அவர்மேல் ஒரே ஒரு தரம் மனசு இளகியிருந்தது. பெரிய ஹோட்டல் முதலாளி ஒருவர், நான் போனில் மரியாதை இல்லாமல் பேசியதாக ஆபீசரிடம் புகார் சொன்னார். ஆபீசர் என்னைக் கூப்பிட்டு எல்லார் எதிரிலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். மூலையில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தம்மா, தலையை நிமிர்த்தாமல், "ஆபரேட்டரைக் கேட்டீங்களா சார்?" என்றார். ஆபீசர் முகம் சுண்டிப்போனது. நான் நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லலாம் என்று பின்னாலேயே போனால், அவர் அந்த முதலாளிக்குப் போன் போட்டு, "ஆபரேட்டர் என்ன வார்த்தை சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இளகின மனசு அப்படியே இறுகிவிட்டது.

என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும். அம்மா அப்பா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். நான் வளர்த்த பிள்ளை. டிபார்ட்மெண்டில் தினக்கூலி மஸ்தூராகக் குழி தோண்டிக்கொண்டிருந்தவனைக் கேபிள் போட்ட பிறகு காவலுக்குப் போட்டிருந்தார்கள். பெருமாள்மலைக்குக் கீழே ரோட்டோரம் எங்களுக்குக் கொஞ்சம் உருளைக்கிழங்குக் காடு உண்டு. அதை ஒட்டி ஒரு ஜாயிண்ட் குழி. அங்கிருந்து கீழே சில வளைவுகள் வரைக்கும் அவன் பொறுப்பு. இப்படியே இருந்தால் நிரந்தரம் பண்ணிவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

பெரிய ஆபீசர்கள் வந்து லைனைத் திறந்துவைக்க இருந்த வாரத்தில் கேபிள் செத்துப்போனது. ஆபீசர் பதறிக்கொண்டு வந்தார். அந்தம்மா எக்ஸ்சேஞ்சிலேயே பெட்டியை மாட்டினார். திரையில் கோடு ஓடி ஓர் இடத்தில் துள்ளி விழுந்தது. கழிக்க வேண்டியதைக் கழித்தார். சக்கரத்தோடு போய்ப் பார்த்தார்கள். எங்கள் காட்டை ஒட்டின அதே குழி. மூடியைத் தூக்கினால், ஜாயிண்ட் பெட்டியிலிருந்து கேபிள் பிய்ந்து கிடந்தது.

"யாரோ பிடிச்சு இழுத்திருக்காங்க" என்றார் ஆபீசர்.

இழுத்தது யார் என்று ஊர் முடிவு செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காடு எங்களுடையது. காவல் அவனுடையது. கடப்பாரை அவன் கையில். எல்லாவற்றுக்கும் மேலே காரணமும் கிடைத்துவிட்டது. இந்தக் கேபிள் வந்தால் எஸ்.டி.டி. வந்துவிடும், நம்பரைச் சுழற்றினால் நேராகப் போய்விடும், டிரங்க் ஆபரேட்டருக்கு என்ன வேலை? அக்கா வேலை போய்விடக் கூடாதென்று தம்பி பிடுங்கிவிட்டான். டீக்கடையில் இதைச் சொன்னபோது எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்களாம். என்னோடு வருஷக்கணக்கில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள்கூட என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். அரசாங்கச் சொத்தை நாசம் பண்ணினான் என்று மறுநாள் போலீசில் எழுதிக் கொடுக்கப்போவதாக ஆபீசர் சொல்லிவிட்டார். வேலை போவது இருக்கட்டும், பிள்ளை ஜெயிலுக்குப் போய்விடுவானே!

அன்று சாயங்காலம் அந்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். தொடவில்லை.

"அக்கா, கேபிள் போன அன்னைக்கு உங்க தம்பியை எப்பப் பார்த்தீங்க?"

"காலையில பஸ்ஸுல போறப்ப. கம்பளியைப் போத்திக்கிட்டுக் குழிகிட்ட நின்னான். எனக்குக் கையைக் காட்டினான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நான் டூட்டியிலல்ல இருந்தேன்."

"அப்ப அதுக்கப்புறம் உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா? என் தம்பிங்க அவன். ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டான். அவன் செய்யலைங்க."

"அது நீங்க நம்புறது. நான் பார்த்ததைக் கேக்குறேன்." அப்புறம், "எஸ்.டி.டி. வர்றது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். "எந்திரிங்க மேடம். என் வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னையே கேக்குறீங்களா? பிடிக்கலைதான். எந்த ஆபரேட்டருக்குப் பிடிக்கும்? அதுக்காக ஒடப்பொறந்தவனை விட்டுப் பிடுங்கச் சொல்லுவேனா?"

"சரி" என்று எழுந்தார். "பிடிச்சிருக்குன்னு சொல்லியிருந்தாத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்."

தம்பியைத் தனியாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கேட்க, அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மறுபடி கேட்டார். மறுபடியும் கேட்டார். என்னமோ சொன்னான். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே வந்தவனிடம், "நீ ஒண்ணும் பயப்படாத. நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும்" என்றேன். கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டான். அவன் கழுத்துக்குக் கயிறு அளந்துகொண்டு போகிறாள் என்று நான் அவரைத் திட்டாத திட்டில்லை.

மறுநாள் வெள்ளனே அவர் ஜீப்பில் இறங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஆபீசர், போலீசுக்குக் கொடுக்க வேண்டியதை டைப் அடிக்கச் சொல்லியிருந்தார். நான் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு டிரங்க் காலைத் தப்பாகக் குத்தி ஏச்சு வாங்கினேன். மத்தியானம் கீழே ரிப்பீட்டர் கட்டடத்திலிருந்து பழைய செம்பு லைனில் அந்தம்மா குரல்.

"அக்கா, ஆபீசரைக் கொடுங்க."

கொடுத்தேன். கொடுத்த பிறகு ஆபரேட்டர் கேட்கக் கூடாது என்பது ரூல். ரூலாவது மண்ணாவது. ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"சார், போலீசுக்குப் போகாதீங்க. கீழே இருந்து அளந்துட்டேன். ரெண்டு முனையையும் கூட்டினா முழுத் தூரம் வரலை. நடுவுல ஒரு துண்டு குறையுது."

"குறையுதுன்னா?"

"ஒடிவு ஒண்ணில்லை சார், ரெண்டு. மேலே இருந்து பார்த்தா குழிகிட்ட ஒடிஞ்சிருக்கு. கீழே இருந்து பார்த்தா இன்னொரு இடத்துல, குழிக்குக் கீழே ரெண்டு வளைவு தள்ளி ஒடிஞ்சிருக்கு. அங்க போய்ப் பார்த்தேன். போன வாரம் மண்ணு சரிஞ்ச இடம். கேபிள் போன அன்னைக்கு மத்தியானம் ரோட்டுக்காரங்க புல்டோசர் வச்சுத் தள்ளியிருக்காங்க. அதோட பல்லுல கேபிள் மாட்டி, குழாயோட கிழிஞ்சிருக்கு. மேலே மண்ணைப் போட்டு மூடிட்டுப் போயிட்டாங்க. தோண்டி எடுத்துட்டேன். அங்க பிடிச்சு இழுத்த இழுவையிலதான் மேலே ஜாயிண்ட் பிஞ்சிருக்கு. இழுத்தது உண்மை சார். குழியிலருந்து இல்லை, கீழே இருந்து."

ஆபீசர், "மேலே இருந்து பார்த்ததே பொருந்திருச்சேம்மா. இடம், ஆளு, காரணம் எல்லாமே. அப்புறம் எதுக்குக் கீழே போனீங்க?" என்றார்.

"எல்லாம் பொருந்துனதாலதான் சார் போனேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மாதாவே, மாதாவே என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண்பிள்ளையின் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. அப்போதுதான் அவர் குரல் மறுபடி வந்தது.

"இன்னொண்ணு சார். புல்டோசர் வேலை செஞ்சது காவல்காரர் பொறுப்புல இருக்கிற இடம். அந்தச் சத்தம் மலைக்கே கேக்கும். அவர் அங்க இருந்திருந்தா ஓடிப் போய் நிறுத்தியிருப்பார். அன்னைக்கு மத்தியானம் அவர் காவல்ல இல்லை. அதையும் ரிப்போர்ட்ல எழுதுறேன்."

என் கை தானாகவே பிளக்கைப் பிடித்தது. ஓர் இழுப்பு இழுத்தால் லைன் போய்விடும்.

"ஆபரேட்டர் லைன்ல இருக்காங்க சார்" என்றார் அந்தம்மா, குரலை உயர்த்தாமல். "அவங்களும் கேக்கட்டும். பின்னாடி நான் சொன்னது வேற மாதிரி போகக் கூடாது."

பிளக்கை விட்டுவிட்டேன்.

நாலு மணிக்கு ஜீப் வந்து நின்றது. படியிலேயே மறித்துக்கொண்டேன். புடவையெல்லாம் சேறு அவருக்கு.

"எதுக்கு மேடம் அதை எழுதணும்? கேபிளை அவன் பிடுங்கலைன்னு ஆயிருச்சுல்ல? அதோட விட வேண்டியதுதான? இனி அவனை யாரு நிரந்தரம் பண்ணுவா? கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டுட்டு நெஞ்சுல மிதிக்கிறீங்களே, இது நல்லாருக்கா?"

அவர் ஷூவிலிருந்த சேற்றைப் படியில் தேய்த்தார். "அதை விட்டுட்டு எழுதினா, மத்ததையும் நம்ப மாட்டாங்கக்கா. இந்த ஜே.இ. ஆபரேட்டருக்கு வேண்டியவ, அவ தம்பியைக் காப்பாத்துறதுக்குக் கதை கட்டுறான்னு சொல்லுவாங்க. நானா இருந்தா அப்படித்தான் நினைப்பேன்."

"எல்லாரும் உங்களை மாதிரியா?"

"ஆபீசர் நினைப்பார்" என்றார். "போலீசுக்கு டைப் அடிச்சதைக் கிழிக்கணும்னா அவருக்குச் சந்தேகமே இருக்கக் கூடாது."

உள்ளே போனார். உண்மைதான், ஆபீசர் கிழித்தார். என் கண்ணெதிரே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அதே கையோடு தம்பியைக் காவலிலிருந்து எடுத்துப் பழையபடி குழி தோண்டப் போட்டார். அவனோடு சேர்ந்தவர்களெல்லாம் நிரந்தரமாகி, அவன் முறை வர வெகுகாலம் ஆனது. அதற்குள் அந்தம்மா வேறெங்கோ மாற்றலாகிவிட்டார். கிளம்புகிற அன்று போர்டுக்கு வந்து, "போயிட்டு வர்றேன்க்கா. நான் நல்லவள்னு புது இடத்துக்காரங்ககிட்ட போன்ல சொல்லிவைக்காதீங்க. ஏன் சொல்றாங்கன்னு யோசிப்பாங்க" என்றார். எந்த ஊர், எந்த எக்ஸ்சேஞ்ச் என்று தெரிந்துகொண்டு அவரோடு பேசியிருக்கலாம். பேசவில்லை. கோபம் அவ்வளவு லேசில் போகுமா? பாதிக் கோபமும் பாதிப் பிரியமுமாக இன்னும் உள்ளே கிடக்கிறது.

ஆபீசர் காகிதத்தைக் கிழித்த அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தேன். சிஐடி, சேற்றுக்கால், நன்றி கெட்டவள், உதவி பண்ணுகிற மாதிரி வந்து சோற்றில் மண்ணைப் போட்டவள் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். தம்பி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"யக்கா, அந்தம்மாவைத் திட்டாத."

"ஏலே, உன் சோலியையே கெடுத்துட்டா. அவளுக்குப் பரிஞ்சு பேசுறியா?"

"நான் காவல்ல இல்லைங்கிறது நெசம்தானக்கா."

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஊரு பூரா நான்தான் பிடுங்கினேன்னாங்க. நீ என்னடான்னா, நான் பிடுங்கலைன்ன. எல்லாரும் சொன்னீங்களே ஒழிய, ஒருத்தரும் எங்கிட்ட என்னடா நடந்துச்சுன்னு கேக்கலை. அந்தம்மாதான் கேட்டாங்க. முதல்ல பொய் சொன்னேன். மறுபடி கேட்டாங்க. அப்புறமும் கேட்டாங்க. அதுக்கு மேல முடியலை, சொல்லிட்டேன்."

"என்னத்தச் சொன்ன? எங்கலே போயிருந்த?"

"கீழே எஸ்டேட் கூலிக்காரங்க இருக்கிற லயத்துக்கு. சிலோன்லருந்து வந்தவங்க குடும்பம் ஒண்ணு இருக்கு. அங்க ஒரு பொண்ணு." விறகை இன்னும் உள்ளே தள்ளினான். "எங்க போனேன்னு ரிப்போர்ட்ல எழுதலைக்கா. இல்லைன்னு மட்டுந்தான் எழுதியிருக்காங்க. எங்கங்கிறதை உங்க அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும், நான் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"எத்தனை நாளா இது?"

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரே சட்டியில சோறு தின்னுக்கிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாலே உனக்கு?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"நீ எதையும் கேக்கவே மாட்டியேக்கா. எல்லாம் உனக்குத் தெரியும்னுல்ல இருப்ப."

ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டேன். கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைத்தேன். அப்புறம் அவனுக்கு எதிரில், தரையில் உட்கார்ந்தேன்.

"சரி, இப்பக் கேக்குறேன்" என்றேன். "அந்தப் பிள்ளை யாரு? சொல்லு."